இடம் பார்த்துச் சொன்னவள்

முகாம் போடும் இடத்தைக் காலையில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். சாயங்காலம் தேர்ந்தெடுப்பவர்கள் உண்மையில் தேர்ந்தெடுப்பதில்லை. களைத்துப்போய் எங்கேயாவது விழுகிறார்கள், அப்புறம் விழுந்த இடத்துக்கு ஒரு நியாயம் தேடுகிறார்கள். பதினான்கு குளிர்காலமாக அரிசோனாவின் இந்தத் தென்கோடியில், எல்லைவேலிக்குக் கூப்பிடு தூரத்தில், நான் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

காபிக்கு நன்றி, ஆபீசர் பராஸா. குடிக்க மாட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் காபி எந்திரத்தின் மூக்கில் கறுப்பாக இருப்பது காபிக்கறை அல்ல, பூஞ்சை. வட டக்கோட்டாவில் முப்பத்தொரு வருஷம் உணவு விடுதிகளைச் சோதனை போட்டவள் நான். ஓர் அடுக்களைக்குள் நுழைந்து மூன்று நிமிஷத்தில் மதிப்பெண் போட்டுவிடுவேன். என் மதிப்பெண்ணால் கடையை மூடியவர்கள் உண்டு. அவர்களில் ஒருவர்கூட மதிப்பெண் தப்பு என்று சொன்னதில்லை. அழுதார்கள், அது வேறு.

பெயர் ஆர்டிஸ் ஹால்வர்சன். வயது அறுபத்தொன்பது. யாரும் கூப்பிட்டு நான் வரவில்லை. டிரெஸ் போஸோஸ் ஓடையில் நோரீன் ப்ரூயிட் இறந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய அறிக்கையை அவள் கணவர் கார்வின் எனக்குக் காட்டினார். இரண்டாம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. ‘முகாமிடத்தைத் தேர்ந்தெடுத்தவர்: இறந்தவரின் கணவர்’ என்று போட்டிருக்கிறீர்கள். கார்வினுக்கு இடம் தேர்ந்தெடுக்கத் தெரியாது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்.

அவசரப்படாதீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இறங்கி வருகிற கூட்டத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற வாத்தியார்கள், டிராக்டர் விற்றவர்கள், விதவைகள், இரண்டாம் கல்யாணக்காரர்கள். பஸ் அளவுக்கு ஒரு கேரவன், அதன் வாலில் ஒரு கார், காருக்குள் ஒரு நாய். தனிமையைத் தேடி வந்தோம் என்பார்கள். ஆயிரத்து எழுநூறு மைல் ஓட்டி வந்து, ஊரில் எதிர்வீட்டில் இருந்தவருக்குப் பக்கத்திலேயே வண்டியை நிறுத்துவார்கள். அவர்கள் முகாம் தேர்ந்தெடுக்கிற லட்சணம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை பான்கேக் இலவசமா, வாசலில் கொடி பறக்கிறதா, படத்தில் நீச்சல்குளம் நீலமாக இருக்கிறதா. படத்தில் நீலமாக இருக்கிற ஏழு குளங்களின் தண்ணீரை நான் எடுத்துச் சோதித்திருக்கிறேன். அதில் கால் வைப்பதற்குச் சாக்கடையில் வைக்கலாம். சாக்கடையாவது தன்னைப் பற்றிப் பொய் சொல்வதில்லை.

ஓர் இடத்தில் பார்க்க வேண்டியவை வேறு. தரை சமமாக இருக்கிறதா. வண்டி சாய்ந்து நின்றால் குளிர்பெட்டி ஓடாது, தூக்கமும் வராது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது. கழிவுத்தொட்டியைக் காலி செய்ய எவ்வளவு தூரம் ஓட்ட வேண்டும். மலிவான பல்வைத்தியத்துக்கும் மாத்திரைக்கும் எல்லை தாண்டி மெக்சிக்கோவின் சான் ஒனேசிமோ ஊருக்கு நடந்து போகிற வழி பக்கமா. தண்ணீர் எங்கிருந்து வருகிறது. கடைசியாக, தண்ணீர் எங்கே போகிறது. இந்தக் கடைசிக் கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை. வருஷத்துக்கு மூன்று அங்குலம் மழை பெய்கிற ஊரில் அதைக் கேட்பவளைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

நான் கேட்டேன். எண்பத்தாறு முகாம்களுக்கு, எல்லாவற்றுக்கும் நானே நேரில் போய், பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, மஞ்சள் அட்டையில் ஒரு நோட்டாகத் தைத்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் நகலெடுத்துக் கொடுத்தேன். பதினோரு வருஷம் அந்த மஞ்சள் நோட்டைக் கேட்காமல் இங்கே யாரும் வண்டியின் சாவியைத் திருகியதில்லை. என் மடக்குமேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்கள்.

“எங்க போலாம் ஆர்டிஸ்? எட்டுக்குக் கொறஞ்சு எதுவும் வேணாம்.”

“உங்க நாய் குரைக்குமா?”

“கொஞ்சம் குரைக்கும்.”

“அப்ப உங்களுக்கு அஞ்சு போதும்.”

முகம் சுளிப்பார்கள். ஆனால் போவார்கள். திரும்பி வந்து, நீங்கள் சொன்னதுதான் சரி என்பார்கள். நன்றியை நான் எதிர்பார்க்கவில்லை. சரி என்பதை மட்டும் எதிர்பார்த்தேன்.

கார்வின் ப்ரூயிட் மூன்று வருஷம் முன்னால் ஐடஹோவிலிருந்து வந்து சேர்ந்தார். மெத்தை வியாபாரம் செய்தவர். மெத்தை விற்பவர்கள் ஊரையே படுக்கவைத்துப் பழகியவர்கள். யாரும் நிமிர்ந்து நிற்பது அவர்களுக்குப் பிடிக்காது. சொல்லப்போகிற வேடிக்கைக்கு முன்னாலேயே சிரித்துவிடுகிற ரகம். கைபேசியில் ஏதோ ஓர் ஆப்பில் முகாம்களுக்கு நட்சத்திரம் போடுவார். எல்லாவற்றுக்கும் ஐந்து. ஓர் இடத்துக்குச் சூரியன் அழகாக மறைகிறது என்பதற்காக ஐந்து போட்டிருந்தார். சூரியன் எல்லா முகாமிலும்தான் மறைகிறது.

ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. தாங்கள் ஏற்கெனவே விழுந்து கிடக்கிற இடம் ஐந்து நட்சத்திரம் என்று ஒருவர் சொன்னால் யாருக்குப் பிடிக்காது?

அந்த வருஷம் பிப்ரவரியில் ஒரு கூட்டுச் சாப்பாடு. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து நீளமேஜையில் வைத்துச் சாப்பிடுவது. மயோனைஸ் கலந்த உருளைக்கிழங்கு இரண்டு மணி நேரம் வெயிலில் இருந்தது, நான் தொடவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் கார்வின் என் மஞ்சள் நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெஞ்சின்மேல் ஏறினார்.

“எல்லாரும் தொப்பியக் கழட்டுங்க. இன்ஸ்பெக்டரம்மாவோட மஞ்சள் வேதம், அதிகாரம் ஒண்ணு. காத்து: மூணு. சத்தம்: ரெண்டு. பக்கத்து வண்டிக்காரன் மூஞ்சி: ஒண்ணு. சூரியன்: பத்து நிமிஷம் லேட்டா வந்துச்சு, அரை மார்க் கட்.”

பின்னாலிருந்து யாரோ கேட்டார்: “கடவுளுக்கு எவ்வளவு?”

“ஏழரை,” என்றார் கார்வின். “கை கழுவலயாம்.”

நாற்பது பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கூட்டம் கலைந்த பிறகு நோரீன் என்னிடம் வந்தாள். ஒல்லியாக, மெல்லிய குரலில் பேசுகிறவள்.

“அவரு வெளையாட்டுக்குப் பண்றாரு ஆர்டிஸ். மனசுல வச்சுக்காதீங்க. ஏன் எப்பவும் அந்தக் கோடியில தனியா உக்காந்து சாப்பிடறீங்க? எங்க மேஜைக்கு வந்துடுங்க.”

சொல்லிவிட்டு என் கையை இரண்டு தட்டுத் தட்டினாள். நாயைத் தட்டுவதுபோல. அவள் நல்ல எண்ணத்தில்தான் செய்தாள். நல்ல எண்ணம் உள்ளவர்கள் கையைக் கழுவிவிட்டா தட்டுகிறார்கள்?

அடுத்த நவம்பர் வந்தது. நன்றி நவிலும் நாள் விருந்துக்கு எந்த முகாமுக்குப் போவது என்று எப்போதும் நான்தான் சொல்வேன். அந்த முறை கை தூக்கச் சொன்னார்கள். கார்வின் சொன்ன இடம் ஜெயித்தது. பருத்திக்காட்டை ஒட்டிய ஒரு திடல். என் நோட்டில் அதற்கு நான்கு. பூச்சிமருந்து வாடை வரும் என்று எச்சரித்தேன். வரவில்லை. அந்த வாரம் காற்றே இல்லையாம். யாரோ அக்கார்டியன் வாசித்தாராம். அறுபத்தெட்டு வயதில் இரண்டு பேர் கல்யாணம் நிச்சயித்துக்கொண்டார்களாம். திரும்பி வந்து ஒவ்வொருவராக என்னிடம் இதைச் சொன்னார்கள். நான் அந்த வாரம் முழுவதும் ஒன்பது மதிப்பெண் போட்ட இடத்தில் இருந்தேன். சமதரை. என்னைத் தவிர ஆளில்லை. சத்தமே இல்லை. ஒன்பது போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

அதற்கப்புறம் என் மேஜைக்கு முன்னால் யாரும் நிற்கவில்லை. ஒரு வண்டியின் வாசலில், ஆடுகிற நாற்காலிக்கு என் மஞ்சள் நோட்டை முட்டுக்கொடுத்து வைத்திருந்ததைப் பார்த்தேன். தரை சமமில்லாத இடம். நோட்டைப் படித்திருந்தால் அங்கே வண்டியை நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

நீங்கள் பொறாமை என்று எழுதுகிறீர்கள். தலைகீழாகப் பார்த்தாலும் எனக்கு எழுத்து தெரியும். அடித்துவிடுங்கள். பொறாமைப்பட அந்த மனிதரிடம் என்ன இருந்தது? ஒரு கைபேசி, ஒரு பெரிய வாய், கையைத் தட்டுகிற ஒரு மனைவி.

போன அக்டோபர், செவ்வாய்க்கிழமை. கூட்டம் இன்னும் வந்து சேரவில்லை. வழக்கமாக வண்டி நிறுத்துகிற மேட்டின்மேல் நான் மட்டும் இருந்தேன். கார்வினின் கேரவன் வந்து நின்றது. இறங்கி வந்தவர் தொப்பியைக் கையில் வைத்திருந்தார்.

“ஆர்டிஸ், ஒரு உதவி. நோரீனுக்கு வயித்துல பெரிய ஆபரேஷன் ஆச்சு, ஜூலையில. சத்தம் ஒத்துக்கல அவளுக்கு. பக்கத்துல ஜெனரேட்டர் ஓடினாலே அழுதுடறா. நெழலா, சமமா, ஆள் நடமாட்டம் இல்லாம ஒரு எடம் சொல்லுங்க.”

“உங்க ஆப்புல இல்லையா?”

“இருக்கு. அவ ஒத்துக்க மாட்டேங்கறா. ‘ஆர்டிஸைக் கேளு, அவங்க சொன்னா சரியா இருக்கும்’னு ஒரே பிடிவாதம். நம்ம மஞ்சள் நோட்டையும் நான் எவனுக்கோ தூக்கிக் குடுத்துட்டேன்.”

வண்டியின் சன்னலிலிருந்து நோரீன் கையசைத்தாள். மணிக்கட்டு சுள்ளிபோல இருந்தது.

ஒரு நாள் பொறுங்கள், பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இடத்தை நேரில் பார்க்காமல் நான் யாருக்கும் சொன்னதில்லை.

அன்று மாலை வானிலைச் செய்தி கேட்டேன். தினமும் கேட்பவள்தான், இதில் விசேஷம் ஒன்றுமில்லை. கலிபோர்னியா வளைகுடாவில் ஒரு புயல் வலுவிழந்து வடக்கே நகர்கிறது, வியாழக்கிழமை எல்லைக்குத் தெற்கே இருக்கிற மலைகளில் கனமழை என்றார்கள். நம் பக்கம் வானம் தெளிவாக இருக்கும் என்றார்கள்.

புதன் காலை டிரெஸ் போஸோஸ் ஓடைக்குப் போனேன். நீங்கள் வெள்ளத்துக்குப் பிறகுதான் அதைப் பார்த்தீர்கள். அன்று பார்த்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேலே கரை, அதனால் காற்று நுழையாது. கரையோரம் இரும்புமரங்கள், பகல் முழுக்க நிழல். மணல் இஸ்திரி போட்ட விரிப்புபோல இருந்தது. பாலைவனத்தில் வறண்ட ஆற்றுப்படுகை அளவுக்குச் சமமான தரை வேறெங்கும் கிடையாது. தண்ணீர்தானே அதைச் சமப்படுத்துகிறது.

தெற்கே இரண்டு மைல் நடந்து எல்லைவேலியையும் பார்த்துவிட்டு வந்தேன். அங்கே வேலியின் இரும்புக்கம்பிகள் ஓடையைக் குறுக்கே கடக்கின்றன. கோடைமழையில் அடித்துவந்த கிளைகளும் வேர்களும் கம்பிகளில் சிக்கி ஒரு தொழுவத்தின் உயரத்துக்கு அடைத்துக்கொண்டிருந்தன. அந்தப் பக்கத்து மலையில் மழை பெய்தால் தண்ணீர் வடக்கேதான் ஓடி வரும். வந்து அந்த அடைப்பில் நிற்கும். நிற்கும், நிற்கும், பிறகு ஒரே மூச்சில் உடைத்துக்கொண்டு வரும். ஒன்பது வருஷம் முன்னால் கரைமேல் நின்று அதை ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஒரு கன்றுக்குட்டியும் ஒரு கதவும் மிதந்து போயின. அன்றைக்கும் இங்கே ஒரு துளி மழை இல்லை. எண்பத்தாறு முகாம்களில் நான் பூஜ்யம் போட்டது டிரெஸ் போஸோஸுக்கு மட்டும்தான்.

ஓடைக்குள் வண்டி இறங்குகிற பாதையில் ஒரு பலகை நின்றது. திடீர் வெள்ளம் வரும், இங்கே தங்காதீர்கள் என்று. பலகை ஏற்கெனவே சாய்ந்திருந்தது. சாய்ந்த பலகையைப் போல அலங்கோலம் வேறில்லை. பிடுங்கிப் புதருக்குள் குப்புறப் போட்டேன். கையுறை போட்டிருந்தேன், முள்ளுக்காக. உங்கள் அறிக்கையில் காற்றில் விழுந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். காற்று ஒரு பலகையைத் தள்ளும், ஒத்துக்கொள்கிறேன். முப்பது அடி தள்ளிக் கொண்டுபோய்ப் புதருக்குள் வைத்து, மேலே மூன்று கல்லும் வைக்குமா? வேலையில் சேர்ந்து எத்தனை வருஷம் ஆகிறது உங்களுக்கு?

மதியம் கார்வினிடம் வழியைத் தாளில் வரைந்து கொடுத்தேன். நான்கு மணிக்குள் போய் நின்றுவிட்டார்கள்.

வியாழன் பத்தரை மணிக்குக் கார்வின் காரில் வந்தார். நோரீனின் மருந்து தீர்ந்துவிட்டது, சான் ஒனேசிமோவுக்குப் போய் வாங்கிவர வேண்டும், எல்லை நடைவழியில் வரிசை நீளமாக இருக்கும், திரும்ப நாலு அஞ்சு மணி ஆகும் என்றார். கேரவனில் அவள் மட்டும் இருந்தாள்.

“என்ன எடம் ஆர்டிஸ் அது. நேத்து எட்டு மணி நேரம் தூங்கினா. ஜூலைக்கப்புறம் இதான் முதல் தடவை. காலைல வெளிய நாற்காலி போட்டு உக்காந்து பறவை பாக்கறா.” தொப்பியைக் கழற்றினார். “அன்னிக்கு உங்கள வச்சு நான் பண்ணின கூத்துக்கு மன்னிச்சுக்கணும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.”

“பரவாயில்ல.”

“பரவாயில்லன்னு சொல்லாதீங்க. நாலு பேர் முன்னாடி பண்ணினேன், நாலு பேர் முன்னாடியே கேக்கறேன் பாருங்க இந்த வருஷம். இப்பதான் சிக்னல் கெடச்சுது, அஞ்சு நட்சத்திரம் போட்டுட்டேன். ‘இடம் பார்த்துச் சொன்னவர் ஆர்டிஸ் ஹால்வர்சன்’னு உங்க பேரையும் போட்டேன்.”

பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து நட்சத்திரம், அதில் என் பெயர். அந்த மனிதரால் மன்னிப்பைக்கூடச் சரியாகக் கேட்க முடியவில்லை.

காரில் ஏறப்போனவர் தெற்கே பார்த்தார். அந்தப் பக்கத்து மலைகளின் தலை தெரியவில்லை. நனைந்த பலகைக்கல் நிறத்தில் வானம் அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தது.

“அங்க கறுத்துக் கெடக்கே. மழை வருமோ?”

“அது மெக்சிக்கோ மழை, கார்வின்.”

அவர் சிரித்தார். “அப்ப சரி. இந்தப் பக்கம் வர்றதுக்கு பாஸ்போர்ட் வேணும்.”

நான் பொய் சொல்லவில்லை. அது மெக்சிக்கோ மழைதான்.

அவர் போன பிறகு தக்காளி சூப் வைத்துக் குடித்தேன். ரொட்டி வாட்டினேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன். டிரெஸ் போஸோஸ் என் மேட்டிலிருந்து இருபது நிமிஷ ஓட்டம். நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்பீர்கள். போய் என்ன சொல்வது? நான் சொன்ன இடம் தப்பு என்றா? பதினான்கு வருஷத்தில் ஒருவரிடமும் அப்படிச் சொன்னதில்லை.

இரண்டே கால் மணிக்குத் தெற்கிலிருந்து சத்தம் வந்தது. தொலைநோக்கியில் பார்த்தேன். முதலில் இரும்புமரங்களின் உச்சி ஆடியது. பிறகு அந்த வரிசையில் ஒரு பழுப்புநிறம் நகர்ந்தது, அவசரமே இல்லாததுபோல. தூரத்திலிருந்து பார்க்க அப்படித்தான் இருக்கும். இங்கே நல்ல வெயில். கொடிக்கயிற்றில் என் துண்டு உலர்ந்துவிட்டிருந்தது, மடித்து உள்ளே வைத்தேன்.

வண்டியை இரண்டரை மைல் வடக்கே கண்டெடுத்தீர்கள். அவளை மறுநாள் காலை. அதைப் பற்றி உங்களுக்கே தெரியும்.

அடக்கத்துக்குப் போனேன். கார்வின் என் தோளில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். என்னுடைய ஒரே நல்ல சட்டை அது.

“உங்கமேல தப்பு இல்ல ஆர்டிஸ். நல்ல எடம்தான் சொன்னீங்க. நான்தான் அவளத் தனியா விட்டுட்டுப் போனேன்.”

அவர் அத்தோடு விட்டிருந்தால் இன்று உங்கள் நேரம் வீணாகியிருக்காது. போன வாரம் உங்கள் அறிக்கையை எடுத்துக்கொண்டு என் வண்டிக்கு வந்தார். ஆப்பில் போட்டிருந்ததையெல்லாம் அழித்துவிட்டாராம், என் பெயர் உட்பட. இரண்டாம் பக்கத்தைக் காட்டினார்.

“பாருங்க, எடம் பாத்தது நான்னு சொல்லிட்டேன். உங்க பேரு எங்கயும் வராது. தனியா இருக்கறவங்க, வயசானவங்க. ஊர் பேச்சையெல்லாம் நீங்க தாங்க மாட்டீங்க. நோரீன் இருந்தாலும் இதத்தான் சொல்லியிருப்பா.”

சொல்லிவிட்டு அவரும் என் கையைத் தட்டினார்.

புரிகிறதா? மெத்தை விற்றவர் எனக்காகப் பரிதாபப்பட்டுச் சர்க்கார் காகிதத்தில் பொய் எழுத வைத்திருக்கிறார். தரையைப் பார்க்காமல், காற்றைப் பார்க்காமல், வானிலையைக் கேட்காமல் ஓர் அசடு வண்டியை ஓடைக்குள் இறக்கிவிட்டது என்று அந்தக் காகிதம் சொல்கிறது. அது அசட்டுத்தனம் அல்ல. நாள் பார்த்து, மணலின் சமம் பார்த்து, வேலியில் அடைப்பின் உயரம் பார்த்துச் செய்த தேர்வு. இந்த எல்லையில் இதைச் செய்ய எனக்கு மட்டும்தான் தெரியும். திருத்தி எழுதுங்கள். ஹால்வர்சனில் ஒரே ஒரு ‘ன்’.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்க வாயெடுத்து இரண்டு முறை மூடிக்கொண்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். அன்று காலை கார்வின் கிளம்பும்போது என் மேஜையில் ஒரு வாக்கிடாக்கியை வைத்துவிட்டுப் போனார். அங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. நோரீனுக்கு ஏதாவது வேண்டுமானால் உங்களைக் கூப்பிடுவாள் என்றார். அவள் கூப்பிட்டாளா என்று பின்னால் அவர் கேட்டார். நீங்களும் அப்போது போனில் கேட்டீர்கள். இல்லை என்றேன்.

கூப்பிட்டாள். இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது.

“ஆர்டிஸ், நோரீன் பேசறேன். தொந்தரவு பண்றதுக்கு மன்னிச்சுக்கோங்க. ஏதோ சத்தம் கேக்குது. பெரிய லாரி வர்ற மாதிரி. இங்க ரோடே கெடையாதே.”

“காத்துதான் நோரீன். வேலிக் கம்பியில காத்து பூந்தா அப்படித்தான் கேக்கும்.”

“பறவையெல்லாம் திடீர்னு போயிடுச்சு. நான் வேணா கரை மேல ஏறி நிக்கட்டுமா? மெதுவா ஏறிடுவேன். பதினஞ்சு அடி நடந்தாப் போதும்.”

“வெயில்ல நிக்காதீங்க. தையல் போட்ட வயிறு. உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டுப் படுங்க.”

“சரி,” என்றாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. “உங்க குரலைக் கேட்டா தைரியமா இருக்கு ஆர்டிஸ். இந்த வருஷமாவது விருந்துக்கு எங்களோட வாங்க. தனியா...”

அதற்கு மேல் என்ன சொன்னாள் என்று தெரியாது. நான் குமிழைத் திருகி அணைத்துவிட்டேன்.

இதை எழுதும்போது ஈவிரக்கம் இல்லாதவள் என்று சேர்த்துவிடாதீர்கள். அவள் நோயாளி, பக்கத்தில் துணைக்கு ஆளில்லை. அந்த நேரத்தில் அவளைப் பயமுறுத்த எனக்கு மனம் வரவில்லை.